முதல் வரியில் ஒரு யூ

ஜெனவீவ் என்ன வேலை பார்க்கிறாள் என்று கூலிம் டவுனில் யாரைக் கேட்டாலும் "ஃபேக்டரியில கம்ப்யூட்டர்" என்றுதான் சொல்வார்கள். அவளோடு ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, இன்றைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எனக்கே போன வருஷம் வரைக்கும் அதற்கு மேல் தெரியாது. கேட்டால் சொல்வாள். புரியாது. புரியவில்லை என்றால் முதலில் சொன்னதைவிட நீளமாக மறுபடியும் சொல்வாள். அதற்குப் பயந்தே நான் கேட்பதை விட்டிருந்தேன்.

என் பெயர் குணவதி. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது தொழில். காதுகுத்து, புதுமனை புகுவிழா, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் உண்டு. என் தொழிலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் பாலிங் பக்கம். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் எங்கள் லயத்து வீடு, மாதா கோயிலுக்குப் பக்கத்தில் அவர்கள் லயம். ரப்பர் பாலில் அமிலம் ஊற்றினால் அது எந்த நொடியில் கட்டியாகிறது என்று பார்க்க வேண்டுமென்று பால் ஸ்டோரில் நின்று பள்ளிக்கூடப் பஸ்ஸைக் கோட்டை விட்டவள் ஜெனவீவ். "பாத்தியாடி?" என்று கேட்டேன். "கண்ண இமைச்சிட்டேன்" என்றாள். மறுநாளும் பஸ்ஸை விட்டாள். அப்படி ஒரு ஜென்மம்.

படித்து முடித்ததும் சிங்கப்பூருக்குப் போனாள். அங்கே நல்ல வேலை, நல்ல பெயர். ஆனாலும் ஒவ்வொரு பண்டிகைக்கும் வந்து திரும்பும்போது பஸ் நிலையத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பாள். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு வந்துவிட்டாள். என் பக்கத்து வீட்டை வாங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவள் பதில் நீளுவதில்லை.

போன வருஷம் ஒரு சாயங்காலம் என் கடைக்கு வந்து, மாதிரிப் பத்திரிகைகளைப் புரட்டியபடி, "குணா, நான் திரும்ப சிங்கப்பூர் போற மாதிரி ஆயிடும் போல" என்றாள். அன்றைக்குத்தான் பழையபடி கேட்க ஆரம்பித்தேன், எவ்வளவு நீளமானாலும் கேட்டுவிடுவது என்று.

விஷயம் இதுதான். அவர்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரிகளுக்கான இரத்தப் பரிசோதனைக் கருவிகள் செய்கிறது. அந்தக் கருவிகளுக்குள் ஓடும் புரோகிராம்களைப் பார்த்துக்கொள்வது ஜெனவீவின் சின்னப் பிரிவு. மனுஷர் எழுதும் புரோகிராமைக் கருவிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். அவர்கள் இத்தனை காலம் வைத்திருந்த கம்பைலரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. வருஷக் கடைசியோடு அதன் உரிமமும் முடிகிறது. அதற்குள் புதிய கம்பைலருக்கு மாறியாக வேண்டும். கூலிமில் முடியவில்லை என்றால் வேலை முழுவதையும் வெளிநாட்டுத் தலைமை அலுவலகமே எடுத்துக்கொள்ளும். ஜெனவீவின் பிரிவை மூடிவிடுவார்கள்.

"புதுசு வந்தா புதுச யூஸ் பண்ண வேண்டியதுதானே லா? இதுல என்னா சூசா, என்னா கஷ்டம்?" என்றேன்.

அவள் என்னை நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பசியா, விளக்கமா என்று தெரியாமல் நானும் போனேன்.

"அதோ தட்டு எடுத்துப் போடுறாரே மாமா, அவரப் பாரு" என்றாள். "நீ வந்து 'பஞ்சிர்'னு சொல்றே. சோறு முங்கக் குழம்பு ஊத்தணும்னு அவருக்குத் தெரியும். உள்ள யார் சமைக்கிறா, எந்தச் சட்டியில என்னா இருக்குன்னு உனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். நாளைக்கே உள்ள இருக்கிற சமையக்காரங்க எல்லாரையும் மாத்திட்டாங்கன்னு வச்சிக்கோ. அப்பவும் நீ 'பஞ்சிர்'னுதான் சொல்லுவே. அதே சோறு வரணும்."

கம்பைலர் என்று நாம் சொல்வது ஓர் ஆள் இல்லையாம். மொழிபெயர்க்க ஒன்று, துண்டுகளை ஒட்டிச் சேர்க்க ஒன்று என்று உள்ளே பலர். முன்னால் நின்று ஆர்டர் வாங்கி, யார் யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்கிற புரோகிராம் ஒன்று உண்டு. டிரைவர் என்பது அதன் பெயர். உள்ளே புதிய கம்பைலரை வைத்து, வெளியே பழைய கட்டளைகளை அப்படியே புரிந்துகொள்கிற ஒரு டிரைவரை எழுதுவதுதான் ஜெனவீவின் வேலை.

"கட்டளைய மாத்தி எழுதிட்டா போச்சு" என்று நான் விடவில்லை.

"மாத்தக் கூடாது. ஆஸ்பத்திரிக் கருவி. ஒவ்வொரு கருவிக்கும் கட்டளைங்க ஒரு ஃபைல்ல இருக்கு. அத ஆடிட் பண்ணி சீல் வச்சாச்சு. ஒரு எழுத்து மாறுனாலும் அந்தக் கருவிய மறுபடி முதல்லேர்ந்து சோதிக்கணும். மாசக் கணக்குல ஆகும். ஆடிட்டர் ஒத்துக்க மாட்டாங்க."

இது எனக்குப் புரிந்தது. நான் புது அச்சு இயந்திரம் வாங்கியபோது என் வாடிக்கையாளர்களா மாறினார்கள்? "அக்கா, தங்கச்சி கல்யாணத்துக்கு அடிச்ச அதே சிவப்பு" என்று வந்து நிற்பார்கள். அந்தச் சிவப்பு பழைய இயந்திரத்தோடு போய்விட்டது. அதை மறுபடி கண்டுபிடிப்பது என் தலைவிதி.

ஜெனவீவ் விறுவிறுவென்று எழுதினாள். பழைய கட்டளைகள் ஒவ்வொன்றும் என்ன செய்தது என்று பார்த்து, புதியதில் அதே விளைவைத் தருவது எது என்று பொருத்திக்கொண்டே போனாள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், பழையது செய்த பிழைகளையும் அவள் அப்படியே செய்ய வைத்தாள். "தப்புன்னு தெரிஞ்சே எதுக்குடி?" என்றால், "அந்தத் தப்ப நம்பி யாராச்சும் இருப்பாங்க" என்பாள். ஞாயிறு பூசை முடிந்து வரும்போதும் இதே பேச்சு. நான் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் எல்லாம் நின்றுபோயிற்று. அவளது டிரைவர் முதன்முதலாக ஒரு சீல் வைத்த ஃபைலைப் படித்தது. முதல் வரியிலேயே முட்டிக்கொண்டது. "u என்ற கோப்பைக் காணவில்லை" என்றது.

அந்த ஃபைலின் முதல் வரியில் ஆங்கில யூ, சின்ன எழுத்து, தனியாக நின்றது. முன்னே ஒன்றுமில்லை, பின்னே ஒன்றுமில்லை. அடுத்த ஃபைலைத் திறந்தாள். அதிலும் யூ. தொழிற்சாலையில் இருந்த ஒவ்வொரு ஃபைலிலும் முதல் வரியில் யூ.

பழைய டிரைவர் அதை என்ன செய்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. பெயருக்குப் பின்னால் புள்ளியும் கோப்பின் வகையும் இல்லாத எதையும் அது பேசாமல் தள்ளிவிட்டுப் போகும். புதிய கம்பைலரின் ஆட்கள் அப்படியில்லை. யூ என்றால் அது ஒட்டிச் சேர்க்க வேண்டிய ஒரு துண்டு என்று எடுத்துக்கொண்டு தேடுவார்கள்.

"அப்ப உன்னோடதும் தள்ளிட்டுப் போவட்டும். ஒரு வரிதானே?" என்றேன். எனக்கும் டிரைவர் பற்றி அபிப்பிராயம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

"ஒரே வரிதான். ஆனா எதத் தள்ளுனாலும் ஏன் தள்ளுறேன்னு எழுதிக் கொடுக்கணும். 'என்னான்னு தெரியல, அதனால தள்ளிட்டேன்'னு இரத்தம் பாக்குற மெஷினுக்கு எழுத முடியுமா?"

அலுவலகத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஃபைசால் என்ற இளம் பொறியாளர், யூ போடாவிட்டால் கம்பைல் ஆகாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள் என்றான். மேலாளர் மிஸ்டர் ஓங், அது 'அப்டேட்' என்பதன் முதல் எழுத்தாக இருக்கும் என்றார். இன்னொருவர் கணக்குப் போட்டு வேறு விளக்கம் சொன்னார். ஒருவரும் எடுத்துப் பார்த்ததில்லை. புது ஃபைல் வேண்டுமென்றால் பழைய ஃபைலைப் பிரதி எடுத்து, முதல் வரியைத் தொடாமல், கீழே மாற்றிக்கொள்வார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒற்றுமையாக இருந்த ஒரே விஷயம் அந்த யூதான் போலிருக்கிறது.

எல்லாவற்றிலும் பழைய ஃபைலை எழுதியவர் பக்கிரிசாமி என்ற பொறியாளர். மிஸ்டர் ஓங்கும் அவரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். நடுவில் ஒரு முறை ஆட்குறைப்பு வந்தபோது அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது மனைவியின் ஊரான யானில் தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கிறாராம். மிஸ்டர் ஓங் நம்பரைக் கொடுத்தார், ஆனால் தான் பேச மாட்டேன் என்றார். அவருக்கும் மனசாட்சி உறுத்தியிருக்கும்.

சனிக்கிழமை ஜெனவீவின் காடியில் நானும் ஏறிக்கொண்டேன். அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டாலும், யூ என்ன என்று தெரியாமல் எனக்கும் சோறு இறங்கவில்லை. ஜெராய் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. வயலில் அறுப்பு முடிந்து கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. பக்கிரிசாமியின் வீட்டு முன் கொட்டகை முழுக்கப் பம்புகள்.

மனிதர் மரியாதையாக உட்கார வைத்து, மனைவியை மைலோ கலக்கச் சொன்னார். தொழிற்சாலைப் பெயரைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது. ஜெனவீவ் ஒரு தாளில் முதல் சில வரிகளை மட்டும் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, இந்த முதல் வரி என்னான்னு தெரியணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "யூவா? தெரியலயே தங்கச்சி. எப்பவோ எழுதுனது. கை பட்டிருக்கும்."

"எல்லா ஃபைல்லயும் இருக்குண்ணே."

"அப்ப காப்பி பண்ணிருப்பானுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜெனவீவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்து கை பட்டது என்று எழுதிக் கொடுப்பதா? மைலோவை ஒரு வாய் குடித்தோம். பேச்சை வளர்க்க நான் அறுப்பு எப்படி என்று கேட்டேன். அப்போது அவருக்கு ஃபோன் வந்தது. யாரோ பம்பைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்கிறார்கள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டியில் தடித்த பேனாவால் ஆளின் பெயரையும் ஊரையும் எழுதினார். எழுதிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

நானும் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜெனவீவ்தான் எழுந்து போய்ப் பெட்டி முன் குந்தினாள்.

"அண்ணே, பேருக்கு மேல இது என்னா?"

பெயருக்கு மேலே நட்ட நடுவில் பிள்ளையார் சுழி. உ என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார்.

எனக்கு ஆத்திரமே வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். தினமும் அதைத்தான் அச்சடிக்கிறேன். அது இல்லாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை என் கடையை விட்டுப் போனதில்லை. அதனாலேயே என் கண்ணுக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை. பெட்டியில் எழுதியிருந்த பெயரை மட்டும் படித்தேன். மாதா கோயில்காரிக்கு அது பழக்கமில்லை, அதனால் பட்டென்று பட்டது.

பக்கிரிசாமி ஃபோனை வைத்துவிட்டு, பெட்டியைப் பார்த்தார். ஜெனவீவ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்.

"அய்யோ தங்கச்சி! அப்ப கம்ப்யூட்டர்ல தமிழ் ஏது? யூவப் பாத்தேன், 'உ'ன்னு நெனச்சிக்கிட்டுப் போட்டுட்டேன். அந்தக் கம்பைலர் வந்த புதுசு. எத எழுதுனாலும் எர்ரர். வெறுத்துப்போயி ஒரு நாள் காலையில மொதல்ல இதப் போட்டுட்டு எழுதுனேன். ஓடிருச்சு. அப்பறம் எடுக்க யாருக்குத் தைரியம் வரும்?"

"ஃபைசாலுக்கு வரல. மிஸ்டர் ஓங்குக்கும் வரல" என்றாள் ஜெனவீவ். "நீங்க போனப்பறம் செஞ்ச எல்லா மெஷின்லயும் இருக்குண்ணே. நேத்து பெனாங் ஆஸ்பத்திரிக்குப் போன மெஷின்லயும்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பம்புகளைப் பார்த்தார்.

"என்னைய வெளிய அனுப்பிட்டு அத உள்ள வச்சிருக்கானுங்களா?" என்றார்.

ஜெனவீவ் தாளை மடித்துப் பையில் வைத்தாள். அவர் மனைவி, "மைலோ ஆறிப் போவுது, குடிங்கம்மா" என்றார்.

திரும்பி வந்ததும் மிஸ்டர் ஓங் ஒரு வழி சொன்னார். ரிசர்வ்ட், அதாவது பிற்பாடு தேவைக்கு ஒதுக்கி வைத்தது, என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "எழுதிட்டுப் போயேன் லா! வெள்ளக்காரன்கிட்ட புள்ளையார் கதையச் சொல்லி வேலைய விடப் போறியா?" என்று சத்தம் போட்டேன்.

"தெரியாத வரைக்கும்தான் அப்படி எழுதலாம் குணா. இப்பத் தெரிஞ்சிடுச்சு" என்றாள். உள்ளது உள்ளபடியே எழுதி அனுப்பிவிட்டாள். எனக்கு அவள் மேல் கோபம். அவள் சிங்கப்பூருக்குப் போனால் நான் யாரோடு போய் நாசி கண்டார் சாப்பிடுவது?

தலைமை அலுவலகத்து ஆடிட்டர் ஓர் அம்மாள். படித்துவிட்டு, அந்த யூவை எழுதியவரோடு நேரில் பேச வேண்டும் என்றார். வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடானது. பக்கிரிசாமிக்கு அந்தச் சாதனமெல்லாம் பழக்கமில்லை என்பதால் நான் என் லேப்டாப்போடு யானுக்குப் போனேன். மனிதர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் காத்திருந்தார். திரையின் ஒரு கட்டத்தில் ஜெனவீவும் மிஸ்டர் ஓங்கும், இன்னொன்றில் அந்த அம்மாள். மிஸ்டர் ஓங், "ஹலோ சாமி" என்றார். இவர் தலையை மட்டும் அசைத்தார்.

பேச்சு ஆங்கிலத்தில். எனக்கு விளங்கிய வரை சொல்கிறேன். அந்த வரி கருவிக்கு ஏதாவது செய்யச் சொல்கிறதா என்று அம்மாள் கேட்டார். ஒன்றுமே சொல்லவில்லை என்றார் இவர்.

"அப்படியானால் ஏன் எழுதினீர்கள்?"

பக்கிரிசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அது மெஷினுக்கு எழுதினதில்லை மேடம். என் வேலை கெட்டுப்போகக் கூடாது என்று எழுதினது."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார். திரையில் ஜெனவீவ் அசையாமல் இருந்தாள், தொட்டியருகே நின்று பால் கட்டியாவதைப் பார்த்தவள் மாதிரி. பிறகு அம்மாள் சொன்னார்: விளக்கம் போதும். முதல் வரியில் தனியாக வரும் யூவை மட்டும் டிரைவர் ஏற்றுக்கொள்ளலாம். வேறு எங்கே வந்தாலும் நிறுத்த வேண்டும். இந்த விதிவிலக்குக்கு ஒரு பெயர் வைத்து ஆவணத்தில் பதிய வேண்டும்.

"பக்கிரிசாமி விதிவிலக்கு" என்றாள் ஜெனவீவ், யோசிக்காமல்.

மிஸ்டர் ஓங் குனிந்துகொண்டார். என் பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், பேச்சு முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த விதிவிலக்கைச் சோதிக்க ஜெனவீவ் புதிதாக ஒரு ஃபைல் எழுத வேண்டியிருந்தது. முதல் வரியில் அவளே தன் கையால் யூ போட வேண்டும். கை வைக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டாளாம். அவளைக் 'கா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் ஃபைசால் பார்த்துவிட்டு, "கா ஜெனி, இப்ப இதுவும் பண்ணணுமா?" என்று மலாயில் கவலையோடு கேட்டானாம். வேண்டாம் என்று அவனிடம் உறுதியாகச் சொல்லி, அதை ஒரு குறிப்பாகவும் எழுதி வைத்துவிட்டு வந்தேன் என்றாள்.

பழைய கம்பைலர் நிற்பதற்கு முன்பே மாற்றம் நடந்தது. சீல் வைத்த ஒவ்வொரு ஃபைலும் ஓர் எழுத்து மாறாமல் உள்ளே போய், செய்ய வேண்டியதைச் செய்து வெளியே வந்தது. பிரிவு மூடப்படாது என்று மிஸ்டர் ஓங் எல்லாருக்கும் சொன்னார். ஜெனவீவ் நேராக என் கடைக்கு வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். பத்திரிகைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ஏதோ துக்கம் என்று நினைத்து வெளியே போய் நின்றுவிட்டார்.

பிறகு அவள் பக்கிரிசாமிக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். வேலை தப்பியதைச் சொன்னாள். ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"அந்த யூவுக்கு உன் டிரைவர் ஏதாச்சும் சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே" என்றாள் ஜெனவீவ். "பேசாம உள்ள விட்டுடுச்சு."